கலபார் விதையிலிருந்து கறிக்கூடை வரை

ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்திருந்த பழைய பள்ளித்தோழர் ஒருவர், திரும்பிப் போகும்போது எனக்கொரு கருவியைப் பரிசாகத் தந்துவிட்டுப் போனார். கைத்தொலைபேசியிலும் சற்றுத் தடித்தது. ஒரு முனையில் ஊசி, நடுவில் சிறு திரை. காயிலோ பழத்திலோ ஊசியைக் குத்திப் பொத்தானை அழுத்தினால் சில விநாடிகளில் திரை பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒளிரும். பெட்டியின் மேல் ஓர் அப்பிள் பழத்தின் படமும், இரசாயனம் கலவாத உணவைக் குடும்பத்துக்கு உறுதிசெய்யுங்கள் என்ற பொருள்பட ஒரு வாசகமும் இருந்தன. வெளிநாடுகளில் வாழும் நம்மவர் பலரது சமையலறைகளில் இப்போது இத்தகைய கருவிகள் இருப்பதாக நண்பர் சொன்னார். இணையத்தில் தேடினால் பல பெயர்களில், பல விலைகளில் கிடைக்கின்றன.

அன்று மாலையே பரிசோதனை தொடங்கியது. என் மனைவி சந்தையில் வாங்கிவந்த கத்தரிக்காயில் குத்தினார். பச்சை. கிணற்றடியில் நாங்களே வளர்க்கும் கீரையின் தண்டில் குத்தினார். சிவப்பு. அந்தப் பாத்தி ஆட்டெருவைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. சந்தேகம் கொண்டவராய், உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் வெகுநேரம் ஊறவைத்த கத்தரிக்காய்த் துண்டில் மறுபடியும் குத்தினார். முன்னர் பச்சை காட்டியது இப்போது மஞ்சளாயிற்று. கழுவக் கழுவ நஞ்சு ஏறுகின்ற அதிசயத்தை அன்றுதான் கண்டோம்.

பெட்டிக்குள் இருந்த கையேட்டை ஆற அமர வாசித்தபோது விடயம் விளங்கியது. அந்தக் கருவி அளப்பது மின்கடத்துதிறனை. காயின் சாற்றில் கரைந்துள்ள உப்புக்கள் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று பார்த்து, அதிலிருந்து நைத்திரேற்று எவ்வளவு இருக்கலாம் எனக் கணக்கிட்டு ஓர் எண்ணைத் தருகிறது. உப்புநீரில் ஊறிய காய் அதனைக் குழப்பியதில் வியப்பில்லை. கீரைகள் இயல்பாகவே நைத்திரேற்றைச் சேர்த்து வைப்பவை. ஆகவே எங்கள் வீட்டுக் கீரை குற்றவாளியானதிலும் வியப்பில்லை. யாழ்ப்பாணத்தவருக்கு நைத்திரேற்று புதிய சொல்லன்று. சுண்ணக்கற் பாறையின் மேல் கிடக்கும் மெல்லிய செம்மண்ணில் நாம் கொட்டுகின்ற யூரியாவும் எருவும், மலசலகூடக் குழிகளின் கசிவும் கிணற்று நீரில் இறங்குவதைப் பற்றி 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய தோட்டக் கிணறுகள் வலிகாமத்தில் பல. அது தனியொரு கட்டுரைக்குரிய விடயம். இங்கு சொல்லவேண்டியது, நைத்திரேற்று பூச்சிகொல்லி அன்று என்பதே. மரக்கறிக்கு அடிக்கப்பட்ட மருந்தைப் பற்றி அந்த ஊசிக்கு எதுவுமே தெரியாது.

ஆயினும் மரக்கறியில் படிந்த மருந்தைச் சில நிமிடங்களில், ஆய்வுகூடமின்றி, கையிலடங்கும் ஒரு பொருளால் கண்டுபிடிக்க மனிதன் முயன்று ஓரளவு வெற்றியும் கண்ட கதை ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதைத் தேடி வாசித்தபோது எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்தது.

பெரியப்பாவுக்குப் புன்னாலைக்கட்டுவனில் செம்மண் தோட்டம். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மாறிமாறி வைப்பார். 1970களின் பிற்பகுதியில் சிறுவனாகிய நான், அவர் மருந்தடிக்கும் நாட்களில் வரம்பில் நின்று பார்த்திருக்கிறேன். போத்தல் மூடியால் அளந்து வாளியில் ஊற்றி, தடி அகப்படாவிட்டால் கையாலேயே கலக்கி, முதுகில் மாட்டிய மெசினில் நிரப்பிக்கொண்டு வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்குவார். முகத்துக்கு ஒரு சால்வைத் துண்டு. சில நாட்களில் அது தோளிலேயே கிடக்கும். மாலை வீடு திரும்பி, இன்னும் பொழுது படாத வேளையிலேயே, "ஏன் இப்பிடி இருட்டிக் கிடக்கு, லாம்பைக் கொளுத்துங்கோ" என்று சத்தம் போடுவார். பகலாயிற்றே என்று நாங்கள் சிரிப்போம். வெயில் பட்டதால் வந்த மயக்கம் என்று பெரியம்மா மோரில் உப்பிட்டுக் கொடுப்பார். மறுநாள் சரியாகிவிடும். அவருக்கு இருட்டியது ஏன் என்று அறிய எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

அதற்கான விடை மேற்கு ஆபிரிக்காவில் தொடங்குகிறது. இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள கலபாரில் வாழ்ந்த எஃபிக் மக்களிடையே, குற்றஞ்சாட்டப்பட்டவனை ஓர் அவரையின விதையைக் கொண்டு சோதிக்கும் வழக்கம் இருந்தது. விதையை அரைத்து நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தவன் நிரபராதி. இறந்தவன் குற்றவாளி. மதகுருமார் வழியாக அந்த விதை ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரை அடைந்தது. அங்கே நஞ்சியலில் பெயர்பெற்ற மருத்துவப் பேராசிரியர் ரொபேட் கிறிஸ்ரிசன் 1855இல் அதைத் தாமே உண்டு பார்த்தார். விதையின் காற்பங்கே அவரைச் சாய்த்துவிட்டது. சவரம் செய்துவிட்டு வைத்திருந்த சோப்பு நீரைக் குடித்து வாந்தியெடுத்து உயிர் தப்பினார் என்பது வைத்திய வரலாற்றில் பலரும் சொல்லி மகிழும் கதை. பேராசிரியர்கள் தம் மேலேயே பரிசோதனை செய்த காலம் அது!

அவருக்குப் பின்வந்த தோமஸ் பிரேசர் அந்த விதைச் சாறு கண்மணியைச் சுருக்குவதை அவதானித்தார். 1863இல் கண் வைத்தியர் ஆர்கைல் றொபேட்சன் அதைக் கண் வைத்தியத்தில் பயன்படுத்த வழி காட்டினார். மறு ஆண்டு ஜேர்மனியில் விதையின் நச்சுப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு பைசோஸ்ரிக்மீன் எனப் பெயர் பெற்றது. அது உடலில் என்ன செய்கிறது என்பது மேலும் அறுபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லோவி என்பவர் 1921இல், நரம்புகள் இரசாயனப் பொருளொன்றைச் சுரந்தே இதயத்துக்குக் கட்டளையிடுகின்றன என்பதைத் தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். அப்பொருள் அசற்றைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. கட்டளை முடிந்தவுடன் அதனைச் சிதைத்து அகற்றுவதற்கு உடலில் ஒரு நொதியம் உண்டு. கோலினெஸ்ரறேஸ் என்பது அதன் பெயர். 1926இல் லோவியும் அவரது சகாவும் கலபார் விதையின் நஞ்சு இந்த நொதியத்தையே கட்டிப்போடுகிறது என்பதைக் கண்டனர். நொதியம் கட்டுண்டால் கட்டளை நிற்காது. தசைகள் துடித்தபடி இருக்கும். வியர்வையும் எச்சிலும் பெருகும். கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கும். சுருங்கிய கண்மணிக்குள் வெளிச்சம் போகாது. உச்சி வெயில் சாய்ந்ததும் உலகம் இருட்டிவிடும்.

அடுத்த காட்சி ஜேர்மனியில். ஐ.ஜி. பார்பன் என்ற பெரும் இரசாயனக் கூட்டு நிறுவனத்தின் லெவர்குசன் ஆய்வுகூடத்தில் ஹெர்ஹாட் ஷ்ராடர் என்ற இரசாயனவியலாளர் பயிர்ப் பூச்சிகளைக் கொல்லப் புதிய பொஸ்பரசுச் சேர்வைகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1936 மார்கழியில் அவர் ஆக்கிய ஒன்று பூச்சிகளை மிகச் சிறிய அளவிலேயே கொன்றது. அடுத்த மாதம் அதில் ஒரு துளி மேசையில் சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணிகள் சுருங்கி, பார்வை மங்கி, மூச்சு முட்டியது. சில வாரங்கள் அவர்களால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. அந்தச் சேர்வைதான் ரபூன். 1938இல் சாரின் பிறந்தது. இரண்டையும் படையினர் எடுத்துக்கொண்டனர். பூச்சிக்கென்று அவர் தொடர்ந்து தேடிய வழியில் 1944இல் பரத்தியோன் வந்தது. போருக்குப் பின்னர் அது உலகெங்கும் விற்பனையானது. அதன் வர்த்தகப் பெயர்களுள் ஒன்றை நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பொலிடோல்.

ஒரு வர்த்தகப் பெயர் நஞ்சு என்பதற்கே மறுபெயராக ஒரு மொழியில் குடிபுகுவது சாதாரண விடயமன்று. மருந்தையும் நஞ்சையும் குறிக்க நமது தோட்டக்காரர் ஒரே சொல்லை வழங்குவது வேறொரு வேடிக்கை. 1990களின் தொடக்கத்தில் நான் இளம் நிருபனாக வைத்தியசாலைச் செய்திகளைத் திரட்டியபோது, மரண விசாரணைக் குறிப்புகளில் 'நஞ்சருந்தி' என்ற சொல்லை எழுதி எழுதிக் கை மரத்துப்போனது. எந்த நஞ்சென்று ஆசிரியபீடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

உணவில் கலந்த பரத்தியோன் எதைச் செய்யும் என்பதை நமது அயலவரான கேரளத்தார் 1958இல் கண்டனர். உணவுப்பொருட்களும் பரத்தியோனும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு, கசிந்த மருந்து கோதுமை மாவில் ஊறியது. அதை உண்டவர்களில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவின் 1968ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டத்துக்கு வித்திட்டது அந்த மரணங்களே. மாவைக் கையிலெடுத்துப் பார்த்து அதில் நஞ்சுண்டா என்று சொல்லக்கூடிய எந்தக் கருவியும் அன்று எவரிடமும் இருக்கவில்லை.

கருவிக்கான யோசனை நஞ்சின் செயலுக்குள்ளேயே இருந்தது. நஞ்சு ஒரு நொதியத்தைக் கட்டிப்போடுகிறது என்றால், அந்த நொதியத்தையே காவலுக்கு வைக்கலாம். நொதியம் தொழிற்படும்போது நிறம் தோன்றும்படி ஓர் ஏற்பாடு செய்துவிட்டால் போதும். நிறம் வந்தால் நஞ்சில்லை, வராவிட்டால் நஞ்சுண்டு. 1961இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் எல்மன் என்பவரும் சகாக்களும் நொதியத்தின் வேகத்தை மஞ்சள் நிறத்தின் ஆழத்தால் அளக்கும் எளிய முறையை வெளியிட்டனர். இன்றுவரை உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் முறைகளுள் அது ஒன்று. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர், நரம்பு வாயு அடிக்கப்பட்டதா என அறிய நொதியம் தோய்ந்த சிறு அட்டைகளைக் களத்துக்குக் கொண்டுபோயினர். ரபூனும் பொலிடோலும் உடன்பிறந்தவை என்பதால், படைவீரனுக்குப் பயன்பட்டது சமையற்காரிக்கும் பயன்படும் என்பதை யாராவது ஒருவர் நினைத்தே ஆகவேண்டியிருந்தது.

நினைத்தவர்கள் தாய்வான்காரர். சிறிய தோட்டங்கள், நெருக்கமான பயிர், இன்று பிடுங்கி இன்றே விற்கும் கீரைகள் என்று அந்தத் தீவின் நிலைமை நமது குடாநாட்டை ஒத்தது. மரக்கறியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் அது உண்ணப்பட்டு முடிந்துவிடும். தாய்வான் விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில், வீட்டு ஈயிலிருந்து எடுத்த நொதியத்தைக் கொண்டு சில நிமிடங்களில் முடியும் ஒரு சோதனையை உருவாக்கினர். கூட்டுறவுகளிலும் மொத்தச் சந்தைகளிலும் அது வேரூன்றியது. ஈயைக் கொல்வதற்காக ஆக்கிய மருந்தை ஈயிடமே கேட்டறிந்தார்கள் என்று சொல்லலாம்.

சீனாவுக்கு அந்தத் தேவை இன்னும் கடுமையாக வந்தது. 1980களின் பிற்பகுதியில் ஹொங்கொங்கில், பெருநிலத்திலிருந்து வந்த கீரையை உண்டவர்கள் கூட்டம் கூட்டமாக நோயுற்றனர். மெதமிடோபொஸ் என்ற மருந்தே காரணம். பின்னர் 2003இல் சீன அரசு விரைவுச் சோதனைக்கென ஒரு தேசியத் தரநிலையை வெளியிட்டது. அதில் விவரிக்கப்படும் அட்டையைத்தான் வீட்டில் பாவிக்கத்தக்க கருவி என்று நான் நேர்மையாகச் சொல்லக்கூடும்.

அதன் அமைப்பு மிகவும் எளியது. விரலளவு அட்டையொன்றில் வெள்ளையாக ஒரு வட்டம், சிவப்பாக ஒரு வட்டம். வெள்ளையில் நொதியம் உலர்த்தப்பட்டிருக்கும். சிவப்பில் நொதியம் உடைப்பதற்கான பொருள் இருக்கும். காயை நறுக்கிக் கழுவுநீரில் குலுக்கி, அந்த நீரில் ஒரு துளியை வெள்ளை வட்டத்தில் இடவேண்டும். அதற்கும் பொறுமையில்லாதவருக்கு இன்னொரு வழியையும் அந்தத் தரநிலை சொல்கிறது. இலையின் மேற்பரப்பில் இரண்டொரு துளி நீரை விட்டு, மற்றோர் இலையால் அந்த இடத்தைத் தேய்த்து, தேய்த்த நீரையே எடுத்துக்கொள்ளலாம். உடற்சூட்டில் பத்து நிமிடம் வைத்தபின், அட்டையை மடித்துச் சிவப்பு வெள்ளையைத் தொடுமாறு விரல்களுக்கிடையே மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளை வட்டம் நீலமாயின் நொதியம் உயிரோடிருக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் அது கட்டுண்டுவிட்டது. மின்கலம் வேண்டாம், திரை வேண்டாம். விலையும் அற்பம்.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் உலகின் ஒவ்வொரு சமையலறையிலும் இல்லை என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. விடையை அந்தத் தரநிலையே எழுதி வைத்திருக்கிறது. வெங்காயம், உள்ளி, முள்ளங்கி, கொத்தமல்லி, காளான், தக்காளிச் சாறு போன்றவற்றில் இயற்கையாகவே உள்ள பொருட்கள் நொதியத்தைப் பாதித்து, மருந்தே படாத காயையும் நஞ்சென்று காட்டிவிடக்கூடும். பட்டியலை வாசித்தபோது சிரிப்பும் கவலையும் ஒருங்கே வந்தன. நமது குடாநாட்டின் முதற்பயிரான வெங்காயமே அதில் தலைப்பிலிருக்கிறது! இத்தகையவற்றை நறுக்காமல் முழுதாக நீரில் அலசி எடுக்கும்படி அத்தரநிலை அறிவுறுத்துகிறது. அது ஓரளவு உதவும்.

மறுபக்கத்துப் பிழை இதனிலும் பெரிது. பரத்தியோன், மலத்தியோன், குளோர்பைரிபொஸ் போன்றவை போத்தலில் இருக்கும் வடிவில் நொதியத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. பூச்சியின் உடலிலோ நமது ஈரலிலோ புகுந்து ஓர் ஒட்சிசன் அணுவைப் பெற்ற பின்னரே அவை கொடியவையாகின்றன. ஆய்வுகூடத்தில் புரோமின் நீரைச் சேர்த்து அந்த ஈரலின் வேலையைச் செய்விக்கலாம். அட்டைக்கு ஈரல் இல்லை. ஆகவே அது நீலத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும்.

மேலும், இந்த நொதியம் அறிவது இரண்டு குடும்பங்களை மட்டும். ஒன்று ஷ்ராடரின் பொஸ்பரசுக் குடும்பம். மற்றது கலபார் விதையின் வழிவந்த காபமேற்றுக் குடும்பம். போபாலில் 1984இல் நச்சுவாயு கசிந்த ஆலை ஆக்கியது இந்த இரண்டாம் குடும்பத்து மருந்தொன்றைத்தான். ஏனைய எதையும் அட்டை காணாது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் 2000ஆம் ஆண்டு வரை வானூர்தியிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பானில் ஊறிய ஓர் இலையை வைத்தாலும் அழகான நீலமே தோன்றும். பங்கசுகொல்லிகளுக்கும் களைகொல்லிகளுக்கும், இன்று அதிகம் விற்பனையாகும் புதிய மருந்துகளுக்கும் அதே கதை.

ஒவ்வொரு நஞ்சுக்கும் அதற்கென்றொரு கண் வேண்டியிருந்தது என்பதே இந்த வரலாறு முழுதும் காண்பது. பொலிடோலுக்கு முந்திய தலைமுறையில் அப்பிள் பழங்களுக்கு ஈய ஆசனேற்று அடித்தார்கள். ஆசனிக்கு ஒரு மூலகம். எந்தச் சேர்வையில் ஒளிந்தாலும் அமிலத்தில் வாயுவாக வெளிவந்து, பாதரச உப்புத் தோய்த்த கடதாசியைப் பழுப்பாக்கும். 1925இல் அமெரிக்க அப்பிள்களில் ஆசனிக்கைக் கண்ட பிரித்தானியர் இறக்குமதிக்கு ஆட்சேபம் கிளப்பினர். எல்லையாக அவர்கள் வைத்தது இறாத்தலுக்கு ஒரு கிரெயினின் நூறிலொரு பங்கு. 1900இல் மன்செஸ்டரில் பியரில் ஆசனிக்குக் கலந்து பலர் இறந்தபின் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு விதித்த எல்லை அது. அமெரிக்கத் தோட்டக்காரர் தம் பழங்களை அமிலத்தால் கழுவத் தொடங்கினர். அந்தக் கடதாசி முறை இன்றும் வங்காளதேசத்துக் கிணறுகளில் உயிரோடிருக்கிறது.

குளோரின் கொண்ட மருந்துகளுக்கான கண்ணை இலண்டனில் ஜேம்ஸ் லவ்லொக் 1957இல் ஆக்கினார். உள்ளங்கையிலடங்கும் இலத்திரன் பிடிப்பு உணரி அது. டி.டி.ரி. தெளிக்கப்படாத இடத்திலும் டி.டி.ரி. இருக்கிறது என்பதை உலகம் அறிந்தது அந்தச் சிறு பொருளால். பின்னர் தமது கிராமத்து வீட்டிலேயே ஆய்வுகூடம் அமைத்துக்கொண்ட லவ்லொக், தாமே செய்த கருவியுடன் 1971இல் கப்பலேறி அந்தாட்டிக்கா வரை காற்றை அளந்துகொண்டு போனார். வீட்டிலிருந்து நஞ்சு தேடியவர் என்ற பட்டம் யாருக்காவது பொருந்துமானால் அவருக்கே பொருந்தும். ஆனால் அவர் லவ்லொக்!

2014இல் இஸ்ரேலிய நிறுவனமொன்று, உணவின் மேல் ஒளியைப் பாய்ச்சி அதன் உள்ளடக்கத்தைக் கைத்தொலைபேசியில் காட்டும் கருவிக்காகப் பொதுமக்களிடமிருந்து 27 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. பழத்தின் இனிப்பையும் பாற்கட்டியின் கொழுப்பையும் அந்த ஒளி அறியும். அவை நூற்றில் சில பங்காக இருப்பவை. மருந்து எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம், வேறெல்லை குறிக்கப்படாதபோது, விதித்திருப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒளி குருடு.

அந்த எல்லை நம்மவர் வீட்டுக்குள் நேரே வருவதொன்று. இந்தியக் கறிவேப்பிலை ஐரோப்பிய எல்லையில் நீண்டகாலம் விசேட சோதனைக்கு உட்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டு விதிக்குப் பின்வந்த திருத்தங்களில் இலங்கையிலிருந்து போகும் பொன்னாங்காணியும் வல்லாரையும் அந்தப் பட்டியலில் ஏறின. பாரிஸ் லா சப்பலில் ஒரு கட்டு வல்லாரையை வாங்குபவருக்குத் தெரியாமலே, அவருக்காக வேறொருவர் எங்கோ ஒரு ஆய்வுகூடத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே தடவையில் தேடுகிறார். 2003இல் வெளியான எளிய பிரித்தெடுப்பு முறையொன்று அந்த வேலையை மலிவாக்கியது. ஆனால் அந்த இயந்திரம் ஒரு வீட்டின் விலை. சுன்னாகத்துச் சந்தையில் அதே கட்டை வாங்குபவருக்காக எல்லையில் எவரும் நிற்பதில்லை.

இங்கே நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். இலங்கையரான பேராசிரியர் ஜே. ஜெயரட்ணம், தொழில்சார் மருத்துவத்தில் உலகறிந்தவர், பின்னர் சிங்கப்பூரில் பணியாற்றியவர். அவரும் சகாக்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 13,000 பேர் பூச்சிகொல்லி நஞ்சேற்றத்தால் வைத்தியசாலைகளில் சேர்வதையும், அவர்களில் 1,000 பேர் வரை இறப்பதையும் எடுத்துக்காட்டியது. 1986இல் அவர் இன்னொரு காரியமும் செய்தார். இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் விவசாயத் தொழிலாளரது இரத்தத்தில் கோலினெஸ்ரறேஸ் அளவைச் சோதித்து வெளியிட்டார். தாய்வானில் ஈயிடம் கேட்ட அதே கேள்வியை அவர் மனிதரிடம் கேட்டார். காயை உண்பவன் உடலில் சேரும் எச்சத்திலும் பன்மடங்கு அதிகமாய் அடிப்பவன் உடலில் படிகிறது. நொதியமோ இரு உடல்களிலும் ஒன்றுதான். ஒரு சொட்டு இரத்தமும் எல்மனின் மஞ்சள் நிறமும் இருந்தால் போதும்.

அதே காலத்தில் அரசாங்கமும் ஓரளவு விழித்துக்கொண்டது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1984இல் பரத்தியோன் தடைசெய்யப்பட்டது. 1995இல் மெதமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் உள்ளிட்ட கொடிய வகுப்பைச் சேர்ந்த எஞ்சியவையும், 1998இல் எண்டோசல்பானும் போயின. சீனா மெதமிடோபொஸைத் தடுத்தது 2007இல். நம்மைக் குறைத்தே பேசிப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். 1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் பத்தாண்டுகளில் பாதியாயிற்று. ஆய்வாளர்கள் அதற்கு இந்தத் தடைகளையே முதற்காரணமாகச் சொல்கின்றனர். நான் நிருபனாக எழுதிய 'நஞ்சருந்தி'களில் எத்தனை பேர் சில ஆண்டுகள் பிந்தி அந்த முடிவுக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். 2021இல் ஒரே வர்த்தமானியில் பசளையையும் மருந்தையும் சேர்த்துத் தடுத்து, ஏழு மாதத்துக்குள் பின்வாங்கியதும் இதே நாடுதான். ஒவ்வொன்றாக, காரணம் பார்த்து, மாற்று வைத்துத் தடுத்த பழைய அதிகாரிகளை அந்த ஆண்டில் யாரும் நினைக்கவில்லை.

நண்பர் சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்தார். கருவி என்ன சொல்கிறது என்று கேட்டார். மேலே எழுதியவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். மரக்கறியை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் மேற்பரப்பில் உள்ளதில் ஒரு பகுதி போகும், உள்ளே ஊறியது போகாது என்றும் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். அவரும் எங்கள் ஊரவர். பெரியப்பாவின் தோட்டத்தில் என்னோடு வரம்பில் நின்றவர்.

"மச்சான், பெரியப்பாவுக்கு ஒரு நாளாவது ஆரும் ரத்தம் எடுத்துப் பாக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.